ட்ரிப்போட கடைசி நாள் மட்டும் எப்பவும் சொதப்புது, நாளைக்கு எங்களுக்கு கடைசி நாள், என்ன பண்ணலாம்?

கடைசிசீட்டு:

மக்களே, இப்போ ராத்திரி மணி பத்தரை, ரூமுக்கு வெளிய வராண்டாவுல உக்காந்து டைப் பண்றேன். உள்ள எல்லாரும் நாளைக்கு எங்க போறதுன்னு பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வராம மூஞ்சத் தூக்கிட்டு படுத்துட்டாங்க. நாங்க ஆறு பேரு, காலேஜ்ல ஒண்ணா படிச்சவங்க, நாலு பசங்க ரெண்டு பொண்ணுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ எப்படியாச்சும் லீவு சேத்துக்கிட்டு அஞ்சு நாள் ஊர் சுத்தக் கிளம்பிடுவோம். இந்த தடவ நாலு நாளும் அருமையா போச்சு. நாளைக்கு காலைல 11 மணிக்கு ரூம காலி பண்ணணும், ட்ரெயின் ராத்திரி 9.40க்கு. நடுவுல இருக்கற பத்தரை மணி நேரந்தான் பிரச்சனையே.

லிஸ்ட்ல இன்னும் மூணு இடம் பாக்கி, ஒரு கோட்டை, ஒரு அருவி, ஒரு மியூசியம், மூணும் மூணு திசைல. இவ்ளோ தூரம் வந்துட்டு பாக்காம போனா எப்படின்னு ஒருத்தன் ஒத்தக்கால்ல நிக்கறான். ரெண்டு பேரு நடந்து நடந்து காலு வீங்கிப்போயி எங்கயும் வரலன்னுட்டாங்க. மத்தவங்க எதுன்னாலும் சரிங்கறாங்க, அப்படி சொல்றவங்கதான் அப்பறமா மொதல்ல கோவப்படுவாங்கன்னு எனக்கு தெரியும்.

போன ட்ரிப்ல இதே கததான். கடைசி நாள் மூணு இடத்த அடிச்சுப் புடிச்சு பாத்தோம், மூணாவது இடத்துல ஒருத்தன் போட்டோ எடுக்க நின்னுட்டான், திரும்பறப்போ ட்ராஃபிக்ல மாட்டி, பையத் தூக்கிட்டு ப்ளாட்ஃபாரத்துல ஓடி, ட்ரெயின் நகர ஆரம்பிச்சதும் ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சு இழுத்து ஏறுனோம். அது எவ்ளோ தப்புன்னு இப்போ நெனச்சாலும் வயித்தக் கலக்குது. ஏறி மூச்சு வாங்கறதுக்குள்ள ஒருத்தன் நோட்ட எடுத்து யாரு யாருக்கு எவ்ளோ தரணும்னு ஆரம்பிச்சான். அதுல ரெண்டு பேருக்குள்ள வார்த்த முத்திப்போயி ஆறு மாசம் பேசிக்கல. அந்த அஞ்சு நாள்ல என்னென்னமோ பாத்தோம், ஆனா அந்த ட்ரிப்னு சொன்னாலே அந்த ஓட்டமும் சண்டையுந்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது.

இந்த தடவ இன்னொன்னும் இருக்கு. எங்கள்ல ஒருத்தி அடுத்த மாசம் வேலைக்கு வெளிநாடு கிளம்பறா. மறுபடி ஆறு பேரும் ஒண்ணா சேர எத்தன வருஷம் ஆகுமோ தெரியல. அதனால நாளைக்கு சொதப்பக் கூடாதுன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. நீங்கல்லாம் கடைசி நாள எப்படி வச்சுப்பீங்க, சொல்லுங்க.

நடராஜாசர்வீஸ்:

தம்பி, மொதல்ல அந்த லிஸ்ட்ட கிழிச்சுப் போடுங்க. முப்பது வருஷமா கூட்டாளிங்களோட சுத்தறவன் சொல்றேன், கடைசி நாள்ல பாத்த இடம் எதுவும் மனசுல ஒட்டாது, ஏன்னா உடம்பு அங்க இருந்தாலும் கண்ணு கடிகாரத்துல இருக்கும்.

நீங்க சொன்னீங்களே, அந்த ட்ரிப்னாலே ஓட்டமும் சண்டையுந்தான் ஞாபகம் வருதுன்னு, அது உங்களுக்கு மட்டும் நடக்கறது இல்ல. டேனியல் கானமன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், 2002-ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்குனவரு, அவரும் கூட மூணு பேரும் 1993-ல ஒரு சோதனைய வெளியிட்டாங்க. ஆளுங்கள கூப்ட்டு 14 டிகிரி சில்லுத் தண்ணில ஒரு நிமிஷம் கைய வைக்கச் சொன்னாங்க. இன்னொரு தடவ அதே தண்ணில அதே ஒரு நிமிஷம், அதுக்கு மேல இன்னும் 30 செகண்ட் கூடுதலா, ஆனா அந்த 30 செகண்ட்ல தண்ணிய மெதுவா 15 டிகிரிக்கு கொண்டுவந்தாங்க. அப்பறம் மறுபடி ஒண்ண செய்யணும்னா எத செய்வீங்கன்னு கேட்டா பத்துக்கு ஏழு பேரு கணக்குல நீளமான ரெண்டாவதத்தான் எடுத்தாங்க. வலி மொத்தத்துல அதுலதான் ஜாஸ்தி, ஆனாலும் முடியறப்போ கொஞ்சம் இதமா முடிஞ்சுது பாருங்க, அதுதான் மனசுல நின்னுடுச்சு. உச்சத்துல என்ன இருந்துச்சு, முடிவுல என்ன இருந்துச்சு, இந்த ரெண்ட வச்சுத்தான் மனசு மார்க் போடுது, எவ்ளோ நேரம்ங்கறத அது பெருசா கணக்குல எடுத்துக்கறதே இல்ல.

அதனால நாளைக்கு ஒரே ஒரு இடம். அதுவும் புது இடம் வேண்டாம். இந்த நாலு நாள்ல எல்லாருக்கும் புடிச்சுப்போன ஒரு இடம் கண்டிப்பா இருக்கும்ல, ஒரு ஏரிக்கரை, ஒரு மண்டபம், ஒரு மேடு, அங்கயே சாயங்காலம் மறுபடி போயி உக்காருங்க. தெரிஞ்ச இடம்ங்கறதால வழி தேட வேண்டாம், டிக்கெட் வரிசை இல்ல, பேச நேரம் இருக்கும். வெளிநாடு போற பொண்ணுக்கு நீங்க குடுக்கக்கூடியது அந்த நேரந்தான்.

மூட்டைமுடிச்சு:

இடம் எதுன்னு அப்பறம் முடிவு பண்ணுங்க, மொதல்ல இப்பவே எந்திரிச்சு பைய கட்டுங்க தம்பி. நான் என் ஃப்ரெண்ட்ஸோட போறப்போ நான்தான் மூட்டை கட்ற ஆளு, கடைசி நாள் சொதப்பறது முக்காவாசி காலைல ஒம்போதுலேந்து பதினொண்ணுக்குள்ளதான். ஆறு பேரு, ஒரு பாத்ரூமோ ரெண்டோ, ஈரத் துணி கொடில தொங்குது, ஒருத்தி பை மேல ஏறி உக்காந்து ஜிப் இழுக்கறா, ஜிப்போட நாக்கு கையோட வந்துடுது, இன்னொருத்தி கட்டிலுக்கு அடில தலைய விட்டு ஒத்தக் கம்மலத் தேடறா, அந்த நேரத்துல கீழேந்து ரூம் காலி பண்ணச் சொல்லி ஃபோன் வரும். அங்க ஏறுற டென்ஷன் நாள் பூரா எறங்காது.

இன்னைக்கு ராத்திரியே நாளைக்கு போடற துணி, பல்லு வெளக்கற சாமான், மருந்து, சார்ஜர் இத மட்டும் வெளிய வச்சுட்டு மிச்சத்த உள்ள போட்ருங்க. ஈரத் துணிய தனியா ஒரு கவர்ல போட்டு மேலாப்புல வைங்க, அடில வச்சா வீட்டுக்கு போறதுக்குள்ள எல்லாத்துலயும் புழுங்குன வாடை ஏறிடும். காலி பண்றதுக்கு முன்னாடி ஒருத்தர் மட்டும் கடைசியா ரூம ஒரு ரவுண்டு பாக்கணும், எல்லாரும் பாத்தாங்கன்னா யாரும் பாக்கலன்னு அர்த்தம். சுவத்துல இருக்கற ப்ளக் பாயிண்ட் ஒவ்வொண்ணையும் குனிஞ்சு பாருங்க, கட்டில் தலமாட்டுக்குப் பின்னாடி இருக்கற ப்ளக்லதான் எப்பவும் ஒரு சார்ஜர் மாட்டிக்கிட்டு இருக்கும். பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி கொக்கி, தலகாணிக்கு அடில கண்ணாடி, அலமாரிக்குள்ள லாக்கர் இருந்தா அது.

பைய ரூம் எடுத்த எடத்துலயே வச்சுட்டுப் போகலாமான்னு இன்னைக்கே கேட்டு வச்சுக்கோங்க, நெறைய எடத்துல சாயங்காலம் வரைக்கும் வச்சுப்பாங்க. இல்லன்னா ஸ்டேஷன்ல க்ளோக் ரூம் இருக்கான்னு பாருங்க, பூட்டு போட்ட பையத்தான் நெறைய எடத்துல வாங்குவாங்க, ஒரு சின்னப் பூட்டு இருந்தா நல்லது. பை கைல இல்லாம சுத்துனா அந்த நாளே வேற மாதிரி இருக்கும்.

நேரத்த பின்னாலேந்து எண்ணுங்க. 9.40க்கு ட்ரெயின்னா 9க்கு ப்ளாட்ஃபாரத்துல நிக்கணும், பை எடுத்து ஸ்டேஷன் போக ஒரு மணி நேரம்னா 8 மணிக்கு பை கைல இருக்கணும், அப்போ 7 மணிக்கு மேல எங்க இருந்தாலும் எல்லாரும் எந்திரிச்சுடணும். அந்த 7 மணிய இன்னைக்கே குரூப்ல எழுதிப் போடுங்க. காலைல எழுதிப் போட்டா கட்டளை மாதிரி தெரியும், முன்னாடி நாளே பேசிட்டா ஒப்பந்தம்.

விடியக்காலம்:

நடராஜாசர்வீஸ் அண்ணா சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன். கடைசில என்ன ஞாபகம் நிக்கும்னு பாத்து பாத்தே நாள வாழ முடியுமா? அதே கானமனே ரெண்டு ஆள் நமக்குள்ள இருக்காங்கன்னு பிரிச்சு சொல்லிருக்காரு, அனுபவிக்கற ஆள் ஒண்ணு, அப்பறமா ஞாபகம் வச்சுக்கற ஆள் ஒண்ணு. ஞாபகம் வச்சுக்கற ஆளுக்காக அனுபவிக்கற ஆளப் பட்டினி போடக்கூடாது.

அந்த கோட்டையப் பாக்கணும்னு நிக்கறாரே, அவருக்காகத்தான் பேசறேன், ஏன்னா எல்லா குரூப்லயும் அந்த ஆள் நான்தான். அவருக்கு அந்த கோட்டை மேல எத்தன வருஷத்து ஆசையோ, எங்க படிச்சாரோ, யாரு சொன்னதோ. ஒரு தடவ என் குரூப்ல எனக்காக யாரும் வரலங்கறதால நானும் போகாம விட்டேன், நாள் பூரா சிரிச்சுக்கிட்டே இருந்தேன், உள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, அப்பறம் ட்ரெயின்ல ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு வெடிச்சேன்.

பிரிஞ்சு போங்க, அதுல தப்பே இல்ல. ஆறு பேரும் எல்லா நேரமும் ஒட்டிக்கிட்டே இருந்தாத்தான் நட்புன்னு யாரும் எழுதி வைக்கல. கோட்டைக்கு போறவங்க விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடட்டும், கதவு தொறக்கற நேரத்த மட்டும் இன்னைக்கே பாத்துக்கோங்க. காலைல வெயில் சாஞ்சு அடிக்கும், கல்லுல செதுக்குன வேலப்பாடெல்லாம் நெழலோட எடுப்பாத் தெரியும், உச்சி வெயில்ல அதே சிற்பம் தட்டையாப் போயிடும். கூட்டமும் இருக்காது. 10 மணிக்கெல்லாம் திரும்பிடலாம். கால் வலிக்கறவங்க தூங்கட்டும். மியூசியம் வாசல்ல போட்டிருக்கற வாரவிடுமுறை நாளயும் பாத்துக்கோங்க, நெறைய மியூசியம் வாரத்துல ஒரு நாள் மூடியிருக்கும், கடைசி நாள் அங்க போயி பூட்டப் பாத்துட்டு வந்தவங்க நெறைய பேரு.

கணக்குப்புள்ள:

எல்லாரும் இடத்தப் பத்தியே பேசறீங்க, அவரு சொன்ன சண்ட கணக்குல வந்த சண்ட. அத சரி பண்ணாம எந்த ஏரிக்கரைல போயி உக்காந்தாலும் ஒருத்தன் மனசுல அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.

களைப்பா இருக்கறப்போ, ட்ரெயின்ல, ராத்திரி, கணக்கு பேசவே பேசாதீங்க. நாளைக்கு காலைல வயித்துக்கு எதாவது போட்டுட்டு, அரைமணி நேரம், ஆறு பேரும் உக்காந்து முடிச்சுருங்க. யாரு யாருக்கு எதுக்கு குடுத்தாங்கன்னு ஒவ்வொண்ணா நோண்டாதீங்க, அங்கதான் நான் அந்த வண்டில வரவே இல்லயே, நான் அத சாப்பிடவே இல்லயேன்னு ஆரம்பிக்கும். பொதுச் செலவுக்கு மட்டும் யாரு மொத்தம் எவ்ளோ போட்டாங்கன்னு எழுதுங்க, சொந்த செலவு அவங்கவங்களோட.

ஒரு உதாரணம் சொல்றேன். அ 15000 போட்டாரு, ஆ 11000, இ 6000, ஈ 4000, உ, ஊ ரெண்டு பேரும் ஒண்ணுமே போடல. மொத்தம் 36000, ஆறால வகுத்தா தலைக்கு 6000. இப்போ அ-வுக்கு 9000 வரணும், ஆ-வுக்கு 5000 வரணும், இ கணக்கு சரி, ஈ 2000 தரணும், உ 6000, ஊ 6000. உ நேரா அ-வுக்கு 6000, ஊ அ-வுக்கு 3000 ஆ-வுக்கு 3000, ஈ ஆ-வுக்கு 2000. நாலே நாலு தடவ பணம் கை மாறுனா முடிஞ்சுது. ஆறு பேருக்குள்ள எவ்ளோ சிக்கலா இருந்தாலும் அஞ்சு தடவைக்கு மேல தேவப்படாது, ஏன்னா ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது ஒருத்தரோட கணக்காவது தீந்துடும், கடைசித் தடவைல ரெண்டு பேரோடது சேந்து தீரும். இதுக்குன்னே செலவு பிரிக்கற ஆப் நெறைய இருக்கு, அதுவும் இதையேதான் செய்யுது, ஆனா எல்லாரு கண்ணு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதுனா யாருக்கும் சந்தேகம் வராது.

நாளைக்கு ஆகப்போற செலவுக்கு ஆளுக்கு ஒரு தொகைய எடுத்து ஒருத்தர் கைல குடுத்துருங்க, நாள் பூரா அவரே குடுக்கட்டும், மீந்தா திருப்பித் தரட்டும். அப்பறம் ட்ரெயின் ஏறுனா கணக்குங்கற வார்த்தையே வராது.

போன தடவ சண்ட போட்ட ரெண்டு பேருல ஒருத்தர்கிட்ட நோட்டக் குடுங்க, இன்னொருத்தர கூட்டிப் பாக்கச் சொல்லுங்க. எங்க குரூப்ல அப்படித்தான் ஒரு பழைய வருத்தம் போச்சு.

நீலவானம்:

நடுவுல வரேன், மன்னிக்கணும். நாங்களும் அடுத்த வாரம் அஞ்சு பேரு போறோம், ஆனா கார்ல. கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் சுத்திட்டு ராத்திரியே கிளம்பி விடியறதுக்குள்ள வீடு சேந்துடலாம்னு ப்ளான், ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தந்தான். சரியா வருமா? இன்னொரு குரூப் ஃப்ரெண்ட்ஸ் ஃப்ளைட்ல போறாங்க, கடைசி நாள் காலைல ஸ்கூபா டைவிங் வச்சிருக்காங்க, அதுல எதாச்சும் பிரச்சனை இருக்கா?

நடராஜாசர்வீஸ்:

நீலவானம், ராத்திரி வேண்டாம்மா. கெஞ்சிக் கேக்கறேன். காலைல ஆறு மணிக்கு எந்திரிச்ச ஆளு ராத்திரி பதினொண்ணுக்கு ஸ்டியரிங் புடிக்கறான்னா 17 மணி நேரம் முழிச்சிருக்கான். அந்த நெலமைல கை கண்ணு வேகமெல்லாம் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கற ஆள் அளவுக்கு எறங்கிடுதுன்னு 2000-ல ஒரு ஆராய்ச்சி வந்துருக்கு, நெறைய நாட்டுல அதுதான் வண்டி ஓட்டக்கூடாதுங்கற சட்ட வரம்பே. 80 கிலோமீட்டர் வேகத்துல மூணு செகண்ட் கண்ணு சொக்குனா வண்டி 65 மீட்டருக்கு மேல யாரும் ஓட்டாமலே ஓடியிருக்கும். பின்சீட்ல எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்க, அவனுக்கு பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது. பாட்டு சத்தமா வைக்கறது, கண்ணாடி எறக்கறது எதுவும் தூக்கத்த வெரட்டாது. ஒரு ராத்திரி கூடுதலா தங்கி காலைல கிளம்புங்க, இல்லன்னா கடைசி நாள மத்தியானத்தோட முடிச்சுட்டு வெளிச்சத்துலயே வீடு சேருங்க.

ஸ்கூபாவ மொத நாளுக்கோ நடு நாளுக்கோ மாத்தச் சொல்லுங்க. தண்ணிக்கு அடில அழுத்தத்துல மூச்சு விடறப்போ நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் கரைஞ்சு போகுது, அது மெதுவாத்தான் வெளிய வரணும். விமானத்துக்குள்ள காத்தழுத்தம் 1800லேந்து 2400 மீட்டர் மலை மேல இருக்கற அளவுதான் இருக்கும், சட்டுனு அழுத்தம் கொறஞ்சா அந்த நைட்ரஜன் குமிழியா மாறி மூட்டு வலிலேந்து மூளை வரைக்கும் பாதிக்கும். ஒரே ஒரு தடவ முங்குனா குறைஞ்சது 12 மணி நேரம், பல தடவ முங்குனா 18 மணி நேரம் கழிச்சுத்தான் பறக்கணும்ங்கறது டைவிங் பாதுகாப்பு வழிமுறை, நெறைய பேரு ஒரு முழு நாளே விட்ருவாங்க.

அப்படியே பவர் பேங்க்க செக்இன் பைல போட வேண்டாம்னு சொல்லிடுங்க, கைப்பைலதான் வைக்கணும். கடைசி நாள் அவசரத்துல அடில போட்டுட்டு கவுண்டர்ல பையக் கவுக்கறவங்க எத்தனையோ பேரு.

ஃபிலிம்ரோல்:

போட்டோ பத்தி ஒரே ஒரு விஷயம். ட்ரெயின்லயே எல்லாரும் எல்லாருக்கும் வாட்ஸப்ல போட்டோ அனுப்பிக்காதீங்க, அதுல படம் சுருங்கிடும், எடுத்த நேரமும் இடமும் கழண்டுடும், பத்து வருஷம் கழிச்சு தேதிவாரியா அடுக்கப் பாத்தா எல்லாம் ஒரே நாள்ல வந்து நிக்கும். ஒரு பொது ஆல்பம் ஓப்பன் பண்ணி லிங்க்க குரூப்ல போடுங்க, அவங்கவங்க வீட்டு வைஃபைல ஒரிஜினல ஏத்தட்டும். எல்லாரும் ஏத்தறதுக்கு முன்னாடி யாரும் ஃபோன்லேந்து அழிக்கக்கூடாது. அப்பறம், ஆறு பேரும் இருக்கற படம் ஒண்ணாவது இருக்கான்னு இப்பவே பாருங்க, எடுக்கறவரு எப்பவும் படத்துல இருக்கவே மாட்டாரு.

கடைசிசீட்டு:

வீடு வந்து சேந்து ரெண்டு நாள் ஆச்சு, எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு வந்தேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

அன்னைக்கு ராத்திரியே மூட்டைமுடிச்சு அக்கா சொன்னபடி பைய கட்டிட்டேன், நான் கட்டற சத்தத்துல இன்னும் ரெண்டு பேரு எந்திரிச்சு கட்டுனாங்க. விடியக்காலம் சொன்னது சரிதான். கோட்டைக்கு போகணும்னு நின்னவன எழுப்பி நான் வரேன்டான்னு சொன்னேன், அவன் மூஞ்சி மாறுனத பாக்கணும். ஆச்சரியம் என்னன்னா வெளிநாடு போறவளும் செருப்ப மாட்டிக்கிட்டு வந்து நின்னா. நாங்க மூணு பேரு மட்டும், கதவு தொறந்ததும் உள்ள போனோம், ஒரு ஈ காக்கா இல்ல. அவன் சின்ன வயசுல அவங்க அப்பா இங்க வந்து எடுத்த ஒரு போட்டோவ ஃபோன்ல வச்சிருந்தான், அந்தப் படில அதே எடத்த தேடிக் கண்டுபுடிச்சு அதே மாதிரி உக்காந்தான். நாலு நாளா இத ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லல. கேட்டா, எல்லாரும் களைப்பா இருக்கீங்க, இதுக்காக இழுக்கறதான்னு இருந்துச்சுன்னான்.

பத்தேகாலுக்கு திரும்பிட்டோம். கணக்க காலைலயே முடிச்சோம், மூணு தடவ பணம் கை மாறுச்சு, இருவது நிமிஷங்கூட ஆகல. நோட்ட போன தடவ சண்ட போட்டவன்கிட்ட குடுத்தேன், கூட்டிப் பாக்க இன்னொருத்தன்கிட்ட. மொதல்ல ரெண்டு பேரும் நோட்டப் பாத்தே பேசுனாங்க. நடுவுல ஒரு 800 இடிச்சுச்சு, அது யாரு போட்டதுன்னு தேடறப்போ, அது நீதான்டா போட்ட, எனக்கு மாத்திரை வாங்குனியே அன்னைக்குன்னு இவன் சொன்னான். அவன் அத கணக்குல சேக்கவே இல்ல. அதுக்கப்பறம் ரெண்டு பேரும் நல்லாவே பேசிக்கிட்டாங்க.

அருவியையும் மியூசியத்தையும் விட்டுட்டோம். சாயங்காலம் மொத நாள் போன அதே ஏரிப் படித்துறைல போயி உக்காந்தோம். கால் வலிக்காரங்க ரெண்டு பேரும் காலத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டாங்க. யாரும் பெருசா ஒண்ணும் பேசல, காலேஜ் பழைய கதையெல்லாம் நூறாவது தடவையா சொல்லிச் சிரிச்சோம். வெளிநாடு போறவ ஒரு நேரத்துல பேச்ச நிறுத்திட்டு படிய வெரலால தடவிக்கிட்டே இருந்தா, பக்கத்துல இருந்தவ தோள்ல கை போட்டுக்கிட்டா, அவ்ளோதான். ஏழு மணி ஆனதும் யாரும் சொல்லாமலே எல்லாரும் எந்திரிச்சோம். ஃபிலிம்ரோல் சொன்ன மாதிரி தேடிப் பாத்தா நெஜமாவே ஆறு பேரும் இருக்கற படம் ஒண்ணுகூட இல்ல, பக்கத்துல நடந்து போன ஒரு பெரியவர கூப்ட்டு எடுத்துக்கிட்டோம், லேசா ஆடியிருக்கு, எல்லாரு மூஞ்சியும் தெரியுது.

8.50க்கு ப்ளாட்ஃபாரத்துல இருந்தோம். ட்ரெயின் அரைமணி லேட்டா வந்துச்சு, பை மேல உக்காந்து மிச்சக் கதையப் பேசுனோம்.

ரூம ஒரு ரவுண்டு பாத்ததுல கட்டில் தலமாட்டு ப்ளக்லேந்து நெஜமாவே ஒரு வெள்ள சார்ஜர் கெடச்சுது அக்கா. எங்க ஆறு பேருல யாருதும் இல்லங்கறாங்க, திருப்பிக் குடுக்க ரூம் காரங்களுக்கு ஃபோன் பண்ணிருக்கேன்.